குட்டிகள் தின்ற பிறகு

போன மாசி மாதம் ஒரு நாள், பேச்சிப்பாறை அணைக்கு மேலே, ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற ஒரு சின்னக் குடியிருப்பில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தோம். நான் கால்நடை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். ஐஸ் பெட்டியை ஆட்டோவிலிருந்து இறக்கி ஒரு அயனி மரத்தடியில் வைத்திருந்தோம். பால்வெட்டு முடித்து வந்தவர்கள் ஆளுக்கொரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். குலசேகரம் பக்கத்தில் நாயைப் பட்டி என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வெறிபிடித்த நாய் பேப்பட்டி.

வரிசையில் நின்ற ஒரு அண்ணன் கேட்டார். “டாக்டரம்மா, எங்க பட்டிக்கு பே பிடிச்சா எங்களுக்குத்தான் கேடு. அதுக்கு ஊசி போடுங்க, சரி. இது மலைக்கும் நல்லதுன்னு மைக்குல சொல்லுதியளே, அது எப்படி?”

“செந்நாய்க்குப் பரவாம இருக்கும் அண்ணே” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து நாய்கள், பெட்டிக்குள் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நின்று பேச முடியவில்லை. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலையும் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அது ஆப்பிரிக்காவில், அங்குள்ள காட்டு நாய்களிடம்தான் தொடங்குகிறது. ஏனென்றால் அங்கேதான் இந்தப் பாடத்தை மனிதர்கள் பறிகொடுத்துப் படித்தார்கள்.

எங்கள் குடும்பம் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பா கரமடி என்னும் கரைவலை இழுத்தவர். சித்தப்பாதான் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவர். தொண்ணூறுகளில் போட்ஸ்வானாவில் கணக்கு வாத்தியாராக வேலை கிடைத்துப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது ஒரு கட்டுப் போட்டோ கொண்டுவருவார். யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருக்கும். நாங்கள் பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் பார்ப்போம். ஆனால் அவர் தனியாக எடுத்து வைத்திருந்தது வேறொரு படம். கிண்ணம் போல வட்டமான பெரிய காதுகள், ஒல்லிக் கால்கள், உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக யாரோ பெயிண்டை வாரி இறைத்தது போலத் திட்டுத் திட்டாக நிறம், வாலின் முனை மட்டும் வெள்ளை. புல்லில் ஏழெட்டு நின்றன.

மொரேமி சரணாலயத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது எடுத்ததாம். ஒரு இம்பாலா மானை அடித்துப் போட்டிருந்தன. குட்டிகள் வந்து சேர்ந்ததும் பெரியவை எல்லாம் இறைச்சியை விட்டு விலகிச் சுற்றி நின்றுகொண்டன. “எல்லாம் பசியோடதான் நிக்குது மக்கா. குட்டியெல்லாம் தின்னு முடிக்கட்டும்னு காவல் நிக்குது” என்று சித்தப்பா சொன்னார். சிங்கத்தைப் பற்றி அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. விலங்குகளோடு வேலை செய்ய வேண்டும் என்ற ஆசைக்கு விதை எது என்று யாராவது கேட்டால் அந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

ஆப்பிரிக்கக் காட்டு நாய் என்ற பெயரைக் கேட்டதும், வீட்டு நாய் காட்டுக்குள் ஓடிப்போய் வளர்ந்த இனம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இது தனி இனம். நம் வீட்டு நாயோடு சேர்ந்து குட்டி போடாது. நாயின் முன்னங்காலில் மேலே சின்னதாக ஐந்தாவது விரல் ஒன்று தொங்குமே, அது இதற்குக் கிடையாது. நான்கு காலிலும் நான்கு நான்கு விரல்தான். 1820இல் டெம்மிங்க் என்ற டச்சு விலங்கியலாளர் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தபோது கழுதைப்புலியின் வகை என்றே நினைத்துவிட்டார். இப்போதைய பெயர் லைகான் பிக்டஸ். பிக்டஸ் என்றால் லத்தீனில் வண்ணம் தீட்டியது. ஒன்றின் உடம்பில் இருக்கும் திட்டு இன்னொன்றில் இருக்காது. ஆய்வாளர்கள் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம் சொல்கிறார்கள்.

இவற்றின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். கூட்டத்தில் பொதுவாக ஒரு தலைமை ஆணும் ஒரு தலைமைப் பெண்ணும் இருக்கும். பெரும்பாலும் அந்த ஜோடிதான் குட்டி போடும். மற்றவை அண்ணன், அக்கா, சித்தி, மாமன் என்று உறவாகவே இருக்கும். பெண் சுமார் எழுபது நாள் சுமந்து, வேறு விலங்கு தோண்டிக் கைவிட்ட வளைக்குள் ஈனும். ஒரு ஈற்றில் சராசரியாகப் பத்துக் குட்டி, சில சமயம் அதற்கும் மேல். ஒரு தாய் தனியாக இத்தனையையும் வளர்க்கவே முடியாது. வளர்க்க வேண்டியதும் இல்லை. அவள் வளையில் இருக்கும்போது மற்றவர்கள் வேட்டைக்குப் போய் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடிவந்து, அவள் முன்னால் கக்கிக் கொடுக்கும். குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் வாயை முட்டி முட்டிக் கேட்கும், அவற்றுக்கும் அப்படியே கக்கும். காவலுக்கு ஒருவர் வளையருகே நின்றிருப்பார், அவருக்கும் பங்கு உண்டு. ஒரு விலங்கைப் பற்றி எழுதும்போது ‘அவர்’ என்று வந்துவிட்டது. திருத்தாமல் விட்டுவிடுகிறேன்.

காலொடிந்து வேட்டைக்குப் போக முடியாததையும், பல் தேய்ந்த கிழத்தையும் கூட்டம் ஊட்டி வைத்திருந்ததைப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. அதே நேரம் குட்டிகளுக்கு முதல் உரிமை என்ற வழக்கம் அன்பால் மட்டும் நிற்பதில்லை, கணக்காலும் நிற்கிறது என்பது என் எண்ணம். இன்றைக்குத் தின்னும் குட்டி அடுத்த வருடம் துணைக்கு ஓடும், அதற்கடுத்த ஈற்றுக்குக் கக்கிக் கொடுக்கும். குட்டி பலவீனமாக வளர்ந்தால் மூன்று வருடம் கழித்துக் கூட்டமே பலவீனமாகும்.

வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுவதில்லை. பெண்கள்தான் பெரும்பாலும் இளவயதிலேயே வெளியேறுகின்றன. தனியாக அல்ல, அக்கா தங்கைகளாகச் சேர்ந்து புறப்படும். வேறெங்கோ அதேபோலக் கிளம்பிவந்த அண்ணன் தம்பிகளைச் சந்தித்தால் புதுக் கூட்டம் பிறக்கும். இந்தச் சந்திப்புக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவை உண்டு. இடையில் ஒரு நெடுஞ்சாலை, ஒரு வேலி, ஒரு ஊர் குறுக்கிட்டால் புதுக் கூட்டம் பிறக்காமலே போய்விடும்.

அப்புறம் தும்மல். எங்கள் வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் கேட்டால் அம்மா நிற்கச் சொல்லி ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ பகுதியில் இந்த நாய்களைக் கவனித்தவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருக்கிறது. படுத்து ஓய்வெடுத்த கூட்டம் வேட்டைக்குக் கிளம்பும் முன் எழுந்து ஒன்றையொன்று முகர்ந்து, முகத்தை நக்கி, வாலாட்டி, கீச்சுக்கீச்சென்று சத்தமிட்டு ஒரு கூட்டம் போடும். அப்படிக் கூடினால் கட்டாயம் கிளம்பும் என்றும் சொல்ல முடியாது. சில நேரம் மறுபடி படுத்துவிடும். எது முடிவு செய்கிறது என்று பார்த்தபோது, மூக்கால் வேகமாக மூச்சுவிட்டுத் தும்முவதைப் போன்ற சத்தங்களின் எண்ணிக்கைதான் என்று தெரிந்தது. தும்மல் கூடக் கூடப் புறப்பாடு உறுதியாகிறது. தலைமை ஜோடி தொடங்கிய கூட்டமென்றால் மூன்று தும்மல் போதும். கீழே இருக்கும் ஒருவர் தொடங்கினால் பத்துத் தும்மலாவது வேண்டும். மூத்தவருக்குக் கூடுதல் மதிப்பு இருக்கிறது, ஆனால் சின்னவரும் எழுந்து “போகலாமா” என்று கேட்க முடிகிறது. கேட்டால் எண்ணப்படுகிறது.

வேட்டையைப் பற்றி நாம் கேள்விப்பட்டதெல்லாம் முழுக்க உண்மை இல்லை. ராணுவம் போல அணிவகுத்து, ஒன்று களைத்தால் இன்னொன்று தொடர்ந்து, மைல் கணக்கில் விரட்டி வீழ்த்தும் என்றுதான் நீண்டநாள் எழுதிவந்தார்கள். திறந்த புல்வெளியில் நீண்ட துரத்தல் நடப்பதுண்டுதான். ஆனால் ஒகவாங்கோவில் ஒரு கூட்டத்தின் பெரிய நாய்கள் அனைத்துக்கும் கழுத்துப்பட்டை மாட்டி ஓட்டத்தை அளந்து 2016இல் வெளியிட்டபோது வேறு சித்திரம் வந்தது. புதர்க்காட்டில் அவை பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகக் குறுகிய தூரம் பாய்ந்து பார்க்கின்றன. தனித்தனிப் பாய்ச்சலில் வெற்றி நூற்றுக்குப் பதினைந்து அளவுதான். அதாவது பெரும்பாலான முறை கை வெறும் கைதான். ஆனாலும் யாரும் பட்டினி கிடப்பதில்லை. யாரோ ஒருவருக்குச் சிக்கினால் அது எல்லோருக்கும்.

இதைப் படித்த அன்று எனக்குக் கரமடிதான் கண்முன் வந்தது. வள்ளத்தில் மடியைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து இறக்கிவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் நின்று கம்பா என்னும் கயிற்றைக் கூட்டமாக இழுப்பார்கள். ஒருவர் தனியாக இழுத்தால் ஒரு முழம்கூட வராது. வந்த மீன் ஏலம் போனதும் பணம் பங்கு பங்காகப் பிரியும். நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவுக்கு முழங்காலில் அடிபட்டு ஒரு பாடு நாள் இழுக்க முடியாமல் போனது. மணலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிப் போடுவார், அவ்வளவுதான். ஆனால் ஏலம் முடிந்ததும் கூட இழுத்தவர்கள் அப்பாவின் பங்கை எடுத்துவைத்துவிட்டுத்தான் தங்கள் பங்கைப் பிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கியது நினைவிருக்கிறது. அந்த வருடம் நாங்கள் படிப்பை நிறுத்தாமல் இருந்தது அந்தப் பங்கினால்தான். அதனால் கக்கிக் கொடுக்கும் நாயைப் பற்றி யாராவது முகம் சுளித்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இத்தனை ஒற்றுமையாக வாழும் இனம் உலகத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு காலத்தில் சகாராவுக்குத் தெற்கே மழைக்காடும் கடும் பாலைவனமும் தவிர ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருந்தது. 39 நாடுகளில் திரிந்த இனம் அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மறைந்துவிட்டது. 2012இல் செய்த மதிப்பீட்டில் மொத்தம் சுமார் 6,600. குட்டி போட்டுப் பெருக்கக்கூடியவை 1,400 அளவுதான். தலையை எண்ணிப் பார்த்தால் நாம் ஏமாந்துபோவோம். இவற்றைக் கூட்டமாகத்தான் எண்ண வேண்டும். இருபது நாய் இருக்கும் இடத்தில் ஒரு பெண்தான் ஈனுகிறது. நான்கைந்து மட்டும் மிஞ்சிய கூட்டத்தில் ஒருவர் குட்டிக் காவலுக்கு நின்றால் வேட்டைக்கு ஆள் போதாது. எல்லோரும் வேட்டைக்குப் போனால் குட்டிக்குக் காவல் இல்லை. அந்த அளவுக்குச் சுருங்கிய கூட்டம் பெரும்பாலும் மீளாது.

ஒரு கூட்டம் வாழ நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் காடு வேண்டும். சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டம் மொத்தமே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்தான். அதில் 2008இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் 402. ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரைக்குமான நம் ஊர்களையெல்லாம் மனத்தில் விரித்துப் பாருங்கள், அதில் இரண்டு மூன்று கூட்டம் வாழ்ந்தால் அதிகம். சிங்கம் கண்டால் கொன்றுபோடும், கழுதைப்புலி இரையைப் பிடுங்கும், அதனால் அவை நெருங்காத இடமாகத் தேடி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நகர்ந்தால் பூங்கா எல்லை தாண்டும், தாண்டினால் சாலையும் சுருக்கும் காத்திருக்கும். சுருக்குக் கம்பி அங்கே மானுக்கு வைப்பது. இங்கே நம் மலையடிவாரத்தில் பன்றிக்கு என்று பைக் கிளட்ச் கம்பியில் வைப்பதைப் போலத்தான். வைத்தவர் நினைத்தது ஒன்று, கழுத்தை நீட்டுவது வேறொன்று. வெயில் கூடுவதும் ஒரு அடி. கென்யா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே மூன்று இடங்களில் பார்த்ததில், குட்டி வளர்க்கும் காலத்தில் வெப்பம் கூடினால் பிழைக்கும் குட்டிகள் குறைகின்றன. பகலில் வேட்டையாடும் விலங்கு, வெயில் ஏறினால் ஓடும் நேரம் குறைந்துவிடுகிறது.

கொல்வதற்கென்றே கொன்ற காலமும் இருந்தது. இரையை உயிரோடு கிழித்துத் தின்னும் கொடிய பிராணி என்று சொல்லி, இருபதாம் நூற்றாண்டில் பூங்காக்களுக்குள்ளேயே வன அதிகாரிகள் சுட்டார்கள். ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில் மட்டும் ஆயிரக்கணக்கில் அரசு கணக்கிலேயே கொல்லப்பட்டன. இதை அங்கே நடந்ததாக ஒதுக்கிவிட முடியாது. நம் செந்நாய்த் தலைக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் பரிசுப் பணம் கொடுத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அது நின்றது.

இப்போது அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

1989இல் கென்யாவில் மசாய் மாராவை ஒட்டிய ஒரு கூட்டத்தில் ரேபிஸ், அதாவது வெறிநோய் நுழைந்தது. சில வாரங்களில் கூட்டமே ஏறத்தாழ காலி. தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்காவில் ஆய்வாளர்கள் பெயர் வைத்துப் பார்த்துவந்த கூட்டங்கள் 1991க்குள் ஒன்றுகூட இல்லாமல் மறைந்தன. எல்லாவற்றுக்கும் ரேபிஸ்தான் காரணமா என்று நெடுநாள் கடுமையான வாதம் நடந்தது. சில கூட்டங்களில் ரேபிஸ் இருந்தது மட்டும் உறுதி. 1994இல் அதே செரெங்கெட்டியில் டிஸ்டம்பர் என்ற, நாய்களுக்கு வரும் இன்னொரு கிருமிநோய் பரவிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தது. 2017இல் கென்யாவின் லைக்கிபியாவில் டிஸ்டம்பர் மறுபடி. அங்கே எண்பதுகளில் அழிந்து, புதிய நூற்றாண்டு பிறந்த சமயத்தில் தானாகவே திரும்பி வந்து, மக்களும் மாடுகளும் நடமாடும் நிலத்திலேயே நன்றாகப் பெருகியிருந்த காட்டு நாய்கள். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களும் போயின.

மேலே சொன்ன அதே வழக்கங்களை இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள். எழுந்ததும் எல்லோரும் எல்லோரின் முகத்தையும் நக்குகிறார்கள். வாயிலிருந்து வாய்க்கு உணவு போகிறது. நோயாளியைக் கைவிடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். எச்சில் வழியே பரவும் ஒரு கிருமிக்கு இதைவிட நல்ல பாதை வேண்டுமா? இரண்டு தனிப் புலிகள் இருக்கும் காட்டில் ஒன்றுக்கு நோய் வந்தால் மற்றது தப்பிக்க வாய்ப்பு உண்டு. இங்கே ஒன்றுக்கு வந்தால் எல்லோருக்கும். எந்தப் பாசம் அவற்றை இத்தனை ஆயிரம் வருடம் உயிரோடு வைத்திருந்ததோ அதே வழியாகத்தான் சாவும் வருகிறது. அதை மாற்றிக்கொள் என்று அவற்றிடம் சொல்ல முடியாது. மாற்றினால் குட்டி வளராது. ஆகவே தடுப்பை வைக்க வேண்டிய இடம் அவற்றின் வாய்க்கு முன்னால், காட்டின் ஓரத்தில், நம் நாயிடத்தில்.

நம் மலையில் அந்த இடத்தில் இருப்பது செந்நாய். ஆப்பிரிக்க நாய்க்கு இது உடன்பிறப்பு இல்லை, ஆனாலும் தூரத்துச் சொந்தம். இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டவர்கள், மிகப் பழைய காலத்தில் இரண்டுக்கும் கலப்பு நடந்ததற்கான தடயம் இருப்பதாகச் சொல்கிறார்கள். வாழ்க்கை முறையோ அப்படியே பொருந்தும். கூட்டமாக வேட்டை, கக்கி ஊட்டல், குட்டிக்குக் காவல் எல்லாம் உண்டு. உலகம் முழுவதும் வளர்ந்து ஈனும் நிலையில் உள்ள செந்நாய் 949க்கும் 2,215க்கும் இடையில்தான் என்று 2015இல் மதிப்பிட்டார்கள். புலிக்கு இருக்கும் பேரும் பணமும் செந்நாய்க்கு இல்லை.

செந்நாயைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவர் நமக்கு அடுத்த மாவட்டத்துக்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங். சிவகாசியில் கல்லூரி விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்களின் பின்னால் நடந்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியை நேரில் ஆய்வு செய்த முதல் இந்தியர் அவர். 2024இல் காலமானார். களக்காடு, முண்டந்துறை மலைகளைக் காலால் அளந்தவர். அந்த மலையின் தொடர்ச்சிதான் நம் மகேந்திரகிரியும் கீரிப்பாறையும் கோதையாறும். செந்நாய்க்கு மாவட்ட எல்லை தெரியாது.

நான் செந்நாயை நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை. கோதையாறு போகும் வழியில், கருக்கலில், சாலையைக் கடந்த மூன்று. கறுத்த பஞ்சு வால், செம்மண் நிற உடம்பு. மூன்றாவது மட்டும் நின்று எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுப் போனது. ஆனால் இவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் குடியிருப்புக்கு அப்பால் இருக்கும் காணிக்காரப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டா. ஊசி போட்டு முடித்து அவர் வீட்டுத் திண்ணையில் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார். “அது குரைக்காது மக்களே. சீட்டி அடிச்ச மாதிரி சத்தம் போடும். காட்டுக்குள்ள ஒண்ணு இங்க அடிக்கும், ஒண்ணு அங்க அடிக்கும், மிளா எந்தப் பக்கம் போவும்? தண்ணியில எறங்கும். தண்ணியில எறங்கினா தீந்துது.” சின்ன வயதில் ஆற்றங்கரையில் பார்த்ததாம். இப்போது அந்தச் சத்தம் கேட்டு மூன்று வருடம் ஆகிறது என்றார். “எங்க போச்சோ” என்று மலையைப் பார்த்தபடி சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். குடியிருப்பு நாய்கள் காட்டுக்குள் போகுமா? “போவாம? ராத்திரி பூரா அங்கதான். புலி தின்னு வச்ச மிச்சம், செந்நாய் தின்னு வச்ச மிச்சம், எல்லாத்தையும் போய் நக்கும்.” இதுதான் பாலம். காலையில் பிள்ளைகள் கையை நக்கிய நாய், இரவில் செந்நாய் தின்ற அதே எலும்பை நக்குகிறது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்தன, சிலவற்றில் டிஸ்டம்பர் கிருமி உறுதியானது. அப்படி ஒன்று இங்கே செந்நாய்க் கூட்டத்தில் நடந்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. சீட்டிச் சத்தம் கேட்கவில்லை என்று யாரோ ஒரு பாட்டா சொல்வார், அவ்வளவுதான்.

ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போய்ச்சேர்ந்தால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகமெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. செரெங்கெட்டியைச் சுற்றிய கிராமங்களில் வருடா வருடம் வீட்டு நாய்களுக்கு ஊசி போடுவது அதனால்தான். மனிதரும் பிழைக்கிறார்கள், காடும் பிழைக்கிறது. அங்கே பூங்காவுக்குக் கிழக்கே எஞ்சியிருந்த கூட்டங்களிலிருந்து 2012 முதல் காட்டு நாய்களைப் பிடித்து மறுபடி உள்ளே விட்டார்கள். மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போரில் அழிந்த கொரொங்கோசா பூங்காவுக்கு 2018இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 நாய்களைக் கொண்டுபோனார்கள். அந்த முறையில் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். வேறு வேறு கூட்டத்து நாய்களை ஒன்றுசேர்க்க வேண்டுமென்றால், மயக்க ஊசி போட்டு அவை தூங்கும்போது ஒன்றின் உடம்பை இன்னொன்றின் மேல் தேய்த்து வாசனையைக் கலந்துவிடுவார்கள். விழித்தெழும்போது பக்கத்தில் படுத்திருப்பது அந்நியன் மாதிரி மணக்காது.

சித்தப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார், எழுபதைத் தாண்டிவிட்டார். அன்றைக்கு மலையிலிருந்து திரும்பும் வழியில் அவர் வீட்டில் இறங்கி நடந்ததைச் சொன்னேன். “எழுபது வந்துதா?” என்று கேட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா. அந்தக் குடியிருப்பில் எங்கள் கணக்குப்படி நாற்பத்தொரு நாய். ஊசி போட்டது இருபத்தாறு. நூற்றுக்கு எழுபதைத் தொட இன்னும் மூன்று நாய் வேண்டும். மீதி பதினைந்தில் பெரும்பாலானவை யாருக்கும் சொந்தமில்லாதவை, கயிற்றுக்குச் சிக்காதவை. காட்டுக்குள் அதிகம் போகிறவையும் அவைதான். குறிப்பாக ஒரு செவலைப் பெட்டை, ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைக்கு அடியில் ஐந்து குட்டியோடு கிடந்தது. கிட்டே போனாலே பல்லைக் காட்டிற்று.

மறுநாள் அந்த அண்ணனுக்குப் போன் செய்தேன். இங்கே எழுதியதில் பாதியையாவது சொல்லியிருப்பேன், ஆப்பிரிக்கா, தும்மல், கரமடி எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “வெள்ளிக்கிழமை வாங்க டாக்டரம்மா. அதுக்குள்ள நான் சோறு வச்சுப் பழக்கி வைக்கேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை போனபோது கொட்டகைக்கு முன்னால் ஒரு சிரட்டையில் மீன்தலை போட்ட சோறு இருந்தது. பெட்டை சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தது. குட்டிகள் ஐந்தும் சிரட்டைக்குள் மூக்கை விட்டுத் தின்றன. அது எங்களையும் பார்த்தது, குட்டிகளையும் பார்த்தது, கிட்டே வரவில்லை. சிரட்டை காலியாகிக் குட்டிகள் விலகிய பிறகுதான் வந்து ஓரத்தை நக்கிற்று. அப்போது அண்ணன் பின்னாலிருந்து பழைய சேலையைப் போட்டு மெல்ல அமுக்கிப் பிடித்தார். ஊசி போட்டேன். இருபத்தேழு. குட்டிகளுக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. சித்திரை கடைசியில் மறுபடி மலையேற வேண்டும்.